தேவ்நார் கழிக்காட்டுச் சேற்றில் நுண்ணுயிர்களின் குடியிருப்பு

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில் செம்பூரை அடுத்துள்ள தேவ்நார் என்ற பெயரைக் கேட்டவுடன் பெரும்பாலோர்க்கு நினைவு வருவது அங்குள்ள குப்பைமேடேயாகும். 1927-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் கழிவுகள் அங்குக் கொட்டப்பட்டு வந்ததால், நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்பு நிலம் நாளடைவில் குன்றாக உயர்ந்துவிட்டது. ஆயினும் அம்மேட்டின் கழியை நோக்கிய விளிம்பில் இறங்கி நிற்போர்க்கு வேறொரு காட்சி புலப்படும். பசுஞ்சாம்பல் நிறமான இலைகளையுடைய குட்டை மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடர்ந்திருக்கும். அவற்றின் அடியில் கருஞ்சேறு. சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேல்நோக்கி நீண்டு நிற்கும் ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள். இதுவே தாணே கழியின் அலையாத்திக் காடு. மகாராஷ்டிர அரசு 2015-இல் இக்கழியின் ஒரு பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 1,690 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது அலையாத்திக் காடு, எஞ்சியது நீர்ப்பரப்பு. 2022-இல் இக்கழி ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

காட்டைப் பற்றிப் பேசும்போது மரங்களை எண்ணுவதும் பறவைகளைக் கணக்கிடுவதும் வழக்கம். மண்ணுக்குள் வாழும் குடிகளை எண்ணுவோர் சிலரே. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளன. ஆய்வுக்கூடத் தட்டுகளில் ஊட்டப்பொருளிட்டு வளர்க்கும் பழைய முறையில், இவற்றுள் நூற்றில் ஒன்றுகூட முளைத்துத் தோன்றுவதில்லை. மண்ணிலிருந்து நேராக மரபுப்பொருளைப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை கைவந்த பிறகே, எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்னும் வினாவுக்கு ஓரளவு விடை கிடைக்கலாயிற்று.

இவ்வினாவுக்கு நெடுநாளாகக் கூறப்பட்டு வந்த விடை ஒன்று உண்டு. நுண்ணுயிர் எல்லா இடத்திலும் உள்ளது, சூழ்நிலையே அதில் இன்னது தழைக்கலாம் என்று தெரிந்தெடுக்கிறது என்பது டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934-இல் வெளியிட்ட கருத்து. காற்றும் நீரும் தூசியும் பறவையின் காலும் இவ்வுயிர்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதால், இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. 2006-இல் ஃபியரர், ஜாக்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் 98 இடங்களின் மண்ணை ஒப்பிட்டனர். வெப்பமோ மழையோ அன்று, மண்ணின் அமில காரத் தன்மையே பாக்டீரியாக்களின் வகைப்பெருக்கத்தை முதன்மையாக முடிவு செய்கிறது என அவர்கள் கண்டனர். வகைமிகுதிக்குப் பெயர்பெற்ற அமேசான் மழைக்காட்டின் அமில மண்ணைவிட, பாலை நிலத்தின் நடுநிலை மண்ணில் பாக்டீரியா வகைகள் மிகுதியாக இருந்தன! மரத்தைப் பார்த்து மண்ணை மதிப்பிடுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை.

உள்நாட்டுக் காடுகளில் நுண்ணுயிர்ப் பரவலை ஆளுவது பருவமழை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சிங்கும் அவர்தம் குழுவினரும் விந்திய மலைப் பிரதேசத்தின் வறண்ட காடுகளில் செய்த ஆராய்ச்சி 1989-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது நுண்ணுயிர்களின் உடல்நிறை குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவர்கள் கண்டதோ அதற்கு நேர்மாறு. வறட்சியில் நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மழை தொடங்கியதும் அவற்றின் தொகை சுருங்கி, அச்சத்துக்கள் துளிர்விடும் செடிகளுக்குக் கிடைக்கின்றன. மும்பையின் வடபகுதியில் போரிவிலி மலைச்சரிவில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் இலையுதிர் மரங்கள் மிகுந்த பருவக்காடேயாதலால், அங்கும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையே மண்ணுக்கு நாட்காட்டி. அதே நகரத்தின் தேவ்நார்க் கரையிலோ நாட்காட்டி வேறு. அங்கே நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டாகிறது. எந்த மண் நாள்தோறும் நனைகிறது, எது பதினைந்து நாளைக்கு ஒருமுறை நனைகிறது என்பதைப் பொறுத்தே அங்குக் குடியிருப்பு அமைகிறது.

இக்குடியிருப்பைப் புரிந்துகொள்ள மூச்சு என்னும் செய்தியிலிருந்து தொடங்குவது நலம். உணவை எரித்துச் சக்தி பெற ஒவ்வோர் உயிருக்கும் பிராணவாயுவோ அதன் இடத்தில் வேறொரு பொருளோ தேவை. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு ஊடுருவும் ஆழம் சில மில்லிமீட்டர்களே. மேலே வாழும் பாக்டீரியாக்களும் காளான் இனங்களும் அதைக் கண்டவுடன் தீர்த்துவிடுகின்றன. அடுத்த அடுக்கில் உள்ளவை நைட்ரேட்டைக் கொண்டு மூச்சு விடுகின்றன. அதற்கும் கீழுள்ளவை மாங்கனீசு, இரும்பு இவற்றின் துருவைக் கொண்டு மூச்சு விடுகின்றன. அதனினும் கீழே கந்தகக் குடிகளின் ஆட்சி. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட் கரைந்துள்ளது. இதைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும் பாக்டீரியாவை ஹாலந்து நாட்டு பெயெரிங்க் 1895-இல் முதன்முதலாகப் பிரித்தறிந்தார். சேற்றில் கால் வைத்தவுடன் எழும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் மூச்சே. அவ்வாயு இரும்போடு கூடி இரும்பு சல்ஃபைடாகப் படிவதால் சேறு கறுக்கிறது. கழிச்சேற்றின் கருமையைக் கண்டு அது முழுவதும் சாக்கடை அழுக்கே என்று முடிவு கட்டுவது தவறு. மாசற்ற அலையாத்திக் காட்டுச் சேறும் கறுப்புத்தான்.

சல்ஃபேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில் கடைசிக் குடிகளான மீதேன் உண்டாக்கிகள் வாழ்கின்றன. இவை பாக்டீரியாக்கள் அல்ல. ஆர்க்கியா எனப்படும் தனிப் பிரிவைச் சேர்ந்தவை என்பதை 1977-இல் ஊஸ், ஃபாக்ஸ் ஆகியோர் நிறுவினர். கடலோரச் சேற்றில் சல்ஃபேட் உள்ளவரை, கந்தகக் குடிகள் உணவை முந்திப் பறித்துக்கொள்வதால் மீதேன் உண்டாக்கிகள் தலையெடுக்க இயலாது என்பது பொதுவிதி. இவ்விதிக்கு ஒரு விலக்கைக் காட்டியது தமிழ்நாட்டுச் சேறு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலிருந்து ‘மெத்தனோகாக்காய்ட்ஸ் மெதிலுடென்ஸ்’ என்னும் ஆர்க்கியா பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1997-இல் வெளியாயிற்று. கந்தகக் குடிகள் நாடாத மெதில் அமீன்களை உண்டு, அவற்றின் நடுவிலேயே போட்டியின்றி வாழ்வது இதன் இயல்பு. மேற்குக் கடற்கரையில் கோவாவின் அலையாத்திச் சேற்றை ஆராய்ந்த கடலியல் அறிஞர்கள், 1980-களின் இறுதியில் சல்ஃபேட் சுவாசிக்கும் பாக்டீரியாக்களில் எட்டு வகைகளைப் பிரித்து, அவற்றை நான்கு பேரினங்களில் அடக்கினர். அவை பலவகை உணவையும் ஏற்கும் தன்மை வாய்ந்தவை. கடல் கொண்டுவரும் எதையும் வீணாக்காத காடு அது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

மேற்கூறிய அடுக்குகள் பாடநூல் படத்தில் தட்டையாகக் காட்டப்படுவதுண்டு. காட்டில் அவை அவ்வாறு இருப்பதில்லை. தாணே கழியில் மிகுந்து காணப்படும் வெண்கண்டல் மரம், அதாவது அவிசென்னியா மரீனா, சேற்றுக்குள் கிடைக்காத காற்றை மூச்சுவேர்களின் வழியே கீழே இறக்குகிறது. இரண்டு மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு மரத்துக்கே பதினாயிரத்துக்கு மேற்பட்ட மூச்சுவேர்கள் இருக்கலாம். அலையாத்தி மரங்களின் வேர்கள் காற்றை எவ்வாறு பெறுகின்றன என்பதை ஷொலாண்டரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1955-இல் எளிய சோதனையால் விளக்கினர். வேரின் வெளிப்பகுதியிலுள்ள நுண்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்தவுடன், சேற்றுக்குள் புதைந்த வேரில் பிராணவாயு குறைந்துகொண்டே போயிற்று. துளை திறந்திருக்கும்போது காற்றில் ஒரு பகுதி வேரின் தோலைக் கடந்து சேற்றிலும் கசிகிறது. அதனால் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மெல்லிய துருநிற வளையம் உண்டாகிறது. மேல்மட்டத்துக் குடிகள் அந்த வளையத்தைப் பற்றிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகின்றன. நண்டு வளைகளும் அவ்வாறே. ஒரு நண்டு தோண்டிய வளையின் சுவரை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால், கருஞ்சேற்றின் நடுவே செந்நிறக் குழாய் இறங்குவதைக் காணலாம். அச்சுவரில் மேல்மண் உயிர்களும் அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கந்தகக் குடிகளும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஆகவே இக்காட்டில் மண் மாதிரி எடுப்போர், ‘இத்தனை சென்டிமீட்டர் ஆழம்’ என்று மட்டும் குறித்தால் போதாது. வேரிலிருந்து எவ்வளவு தூரம், வளையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறித்தாக வேண்டும். இல்லையேல் இரு மாதிரிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை.

மூச்சுவேரின் மேற்பகுதியிலும் ஒரு சமுதாயம் உண்டு. நீலப்பசும் பாசிகள் எனப் பழைய நூல்கள் அழைத்த சயனோபாக்டீரியாக்கள் அங்கே வழுவழுப்பான மெத்தையாகப் படர்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருகின்றன. வற்றக் காலத்தில் திறந்து கிடக்கும் சேற்றுப் பரப்பிலும் இவை டயாட்டம்களோடு சேர்ந்து வளர்கின்றன. குளிர்காலத்தில் தாணே கழிக்கு வரும் பூநாரைகளுள் சிறுபூநாரை, தலைகீழாகக் கவிழ்த்த அலகினால் வடிகட்டி உண்பது பெரும்பாலும் இவ்வகை நுண்ணுயிர்களையே. பறவையைக் காண வரும் மாணவர்களுக்கு ஆசிரியர் முதலில் சேற்றின் பச்சைப் படலத்தைக் காட்டிவிட்டுப் பிறகு பறவையைக் காட்டுவது பொருத்தமாயிருக்கும்.

இனிக் குப்பைமேட்டுக்கு வருவோம். அங்கும் நிகழ்வது நுண்ணுயிர்களின் வேலையே. புதிதாகக் கொட்டிய குப்பையில் முதலில் பிராணவாயுவை உண்ணும் பாக்டீரியாக்கள் பெருகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. பிராணவாயு தீர்ந்தபின் புளிக்கச் செய்யும் குடிகள் அமிலங்களை உண்டாக்குகின்றன. பிறகு மீதேன் உண்டாக்கிகள் அவ்வமிலங்களைத் தின்று வாயுவாக்குகின்றன. முதிர்ந்த குப்பைமேட்டின் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீதேன், பாதி கரியமில வாயு. கடல்நீர் புகாத அம்மேட்டில், கழிச்சேற்றில் உள்ளதுபோல் கந்தகக் குடிகளின் கட்டுப்பாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2016 ஜனவரி இறுதியில் தேவ்நார் மேட்டில் மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. புகை விண்வெளிக் கலங்களின் படங்களிலும் பதிவாயிற்று. சுற்றுப்புறப் பள்ளிகள் மூடப்பட்டன. உள்ளே திரண்டிருந்த மீதேன், அத்தகைய தீ அணையாது நீடிப்பதற்குத் துணை செய்யும் எரிபொருள்.

மேட்டுக்கும் காட்டுக்கும் இடையேயுள்ள எல்லைதான் நுண்ணுயிர்ப் பரவலை அறிய விரும்புவோர்க்கு மிகவும் முக்கியமான இடம். மழைக்காலத்தில் குப்பையினூடே இறங்கும் நீர், அம்மோனியாவும் கரிமப் பொருள்களும் உலோகங்களும் கலந்த கசிவுநீராகக் கழியை நோக்கி ஓடுகிறது. மும்பையின் ஆண்டு மழையில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையே பெய்வதால், அந்நான்கு மாதங்களில் கழிநீரின் உப்பும் குறைகிறது. உப்பு குறைந்தால் சல்ஃபேட்டும் குறையும். அதே சமயத்தில் உணவு மிகும். இவ்விரண்டும் சேர்ந்தால் கந்தகக் குடிகளின் பிடி தளர்ந்து மீதேன் உண்டாக்கிகளின் மண்டலம் மேல்நோக்கி ஏறும் என்பது இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படும். மழை ஓய்ந்து கடல் மீண்டும் ஏறும்போது எல்லை கீழே இறங்கும். கீழிருந்து எழும் மீதேனைச் சல்ஃபேட்டின் துணைகொண்டு வழியிலேயே எரித்துவிடும் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் ஒன்றாகத் திரண்டு வாழ்வதை 2000-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடலடிச் சேற்றில் கண்டனர். கடல்நீர் தடையின்றிப் புகும் சேறு மீதேனை வெளியே விடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் வனத்துறைக் களப்பணியாளரின் பொறுப்பு வருகிறது. சாலைக்காகவும் கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதாலும் ஏற்றநீர் வரும் சிறு ஓடை ஒன்று அடைபட்டால், மரம் உடனே விழுந்துவிடுவதில்லை. இலைகள் ஓரிரு பருவங்கள் பச்சையாகவே இருக்கும். முதலில் மாறுவது சேற்றின் குடியிருப்பே. நீர் தேங்கினால் சல்ஃபேட் செலவழிந்து புதிதாக வருவதில்லை. சல்ஃபைடு மிகுந்து வேர்களை நஞ்சாக்கும். பின்னர் மீதேன் பெருகும். மாறாக, அணைக்குப் பின்னால் நிலம் உலர்ந்தால் விளைவு இன்னும் கொடியது. பல நூறாண்டுகளாகக் கந்தகக் குடிகள் சேர்த்து வைத்த பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றுப்பட்டவுடன் ஆக்சிகரணமாகிறது. அமிலத்தை விரும்பும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அவ்வேலையைப் பன்மடங்கு விரைவாக்கி மண்ணைக் கந்தக அமிலத்தில் ஊறவைக்கிறது. கேரளத்துக் குட்டநாட்டின் ‘கரி’ நிலங்கள் இதற்குக் கண்கூடான உதாரணம். அங்கே மண்ணின் பி.எச். எண் 4-க்கும் கீழே இறங்குவதுண்டு. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிப்பட்டுப் பயிரையும் மீனையும் கொல்லும்.

ஆதலால், அழிந்த அலையாத்திக் காட்டில் நாற்று நடுவது இரண்டாம் வேலை. பிச்சாவரத்தில் இது அனுபவத்தால் உறுதிப்பட்டது. ஆங்கிலேயர் காலம் முதல் பின்பற்றப்பட்ட, பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டும் முறையால், வெயில் பட்ட சேறு சுருங்கித் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏறிய கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாகி உப்பு மிகுந்ததால், அங்கு நட்ட கன்றுகள் பிழைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டிக் கடல்நீர் ஏறி இறங்க வழி செய்தன. உப்பு தணிந்தபின் நட்ட கன்றுகள் தழைத்தன. முத்துப்பேட்டையிலும் ஆந்திரக் கடற்கரையிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. வாய்க்கால் வெட்டியோர் நீரை மட்டுமா உள்ளே விட்டனர்? பிராணவாயுவையும் சல்ஃபேட்டையும் விட்டனர். சேற்றின் குடிகள் தத்தம் இடத்துக்குத் திரும்பின என்று கூறுவதே பொருந்தும். மகாராஷ்டிரத்தில் 2012-இல் அமைக்கப்பட்ட அலையாத்திப் பிரிவின் பணியாளர்களுக்கும், தாணே கழியின் அடைபட்ட ஓடைகளைத் திறப்பது கன்று நடுவதற்கு முன்செய்ய வேண்டிய காரியமாகும்.

மும்பை மாநகராட்சி 2025-இல் தேவ்நார் மேட்டின் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்ற ஒப்பந்தப்புள்ளி கோரியது. அவ்வேலை எவ்வாறு நடைபெற்றாலும், கழியோரச் சேற்றை முன்னதாகவே குறித்து வைத்திருப்பவர்க்கே பின்னர் ஏற்படும் மாற்றம் விளங்கும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கரையிலிருந்து காட்டின் உள்ளே நேர்கோடாகச் சென்று, பத்து இருபது மீட்டருக்கு ஒருமுறை ஓர் அடி ஆழத்துக்குச் சேற்றுக் குத்தியை எடுத்து, செந்நிறம் எவ்வளவு ஆழம், கருமை எங்கே தொடங்குகிறது, நாற்றம் உண்டா, அருகில் வேரோ வளையோ உண்டா, நீரின் உப்பு எவ்வளவு என்று குறிக்கலாம். ஒரு பிடிச் சேற்றை ஈரம் உலராமல் காற்றுப்பட வைத்து, எட்டு வாரங்களுக்கு வாரந்தோறும் பி.எச். தாள் கொண்டு சோதித்தால், அந்நிலம் உலரும்போது அமிலமாகுமா என்பதும் தெரிந்துவிடும். எண் 4-க்குக் கீழே சென்றால் அங்கே மண்ணைத் தோண்டிப் போடுவதும் கரை கட்டுவதும் ஆபத்து என்று மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்ப அதுவே போதிய ஆதாரம்.

தாராவியிலும் செம்பூரிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே இக்குடியிருப்பைக் காட்ட, ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியின் பெயரால் வழங்கும் சோதனை ஒன்று உண்டு. உயரமான கண்ணாடிச் சீசா ஒன்றில் கழிச்சேற்றோடு கிழித்த செய்தித்தாளையும் ஒரு முட்டையின் மஞ்சட்கருவையும் பிசைந்து முக்கால் பாகம் நிரப்பி, மேலே இரண்டு மூன்று அங்குலம் கழிநீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து வெளிச்சமுள்ள சன்னலோரம் வைக்க வேண்டும். செய்தித்தாள் அவற்றுக்கு உணவு, மஞ்சட்கரு கந்தகம். குப்பைமேட்டை ஒட்டிய சேற்றை மாணவர் கையால் தொடலாகாது. தூய்மையான ஓடைக்கரைச் சேற்றையே ஆசிரியர் கையுறை அணிந்து எடுத்து வருதல் வேண்டும். முதல் வாரத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாயிருக்கும். பின்னர் அடியில் கருமை பரவும். ஒன்றிரண்டு மாதங்களில், வெளிச்சம் படும் பக்கத்தில் கருமைக்கு மேலே பச்சைப் பட்டையும் அதற்கு மேலே ஊதா கலந்த சிவப்புப் பட்டையும் தோன்றும். சல்ஃபைடை உண்டு ஒளியால் வாழும் பாக்டீரியாக்களின் நிறங்கள் அவை. இரண்டாவது சீசா ஒன்றைக் கறுப்புத் துணியால் சுற்றி அதே மேசையில் வைத்தால், இரண்டு மாதம் கழித்துத் துணியை அவிழ்க்கும்போது கருமை மட்டும் இருக்கும், வண்ணப் பட்டைகள் இரா. காரணத்தை மாணவர்களே கண்டு கூறுவர்.